அண்ணனுக்கு நாலு மாத்திரை மாத்தியாச்சு, இப்போ ஈசிடி இல்லன்னா கெட்டமின்னு சொல்றாங்க, அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்

காவிரிக்கரை | திங்கள், இரவு 11:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இதுதான் முதல் பதிவு, நீளமா போனா பொறுத்துக்கோங்க. என் அண்ணனுக்கு 36 வயசு, திருச்சியில சொந்தமா செல்போன் சர்வீஸ் கடை வச்சிருந்தான், போர்டுல மயிரிழை மாதிரி இருக்கற லைனை எல்லாம் லென்ஸ் வச்சு பத்தவைக்கிற கை அவனுக்கு. ரெண்டு வருஷமா டிப்ரஷன். முதல்ல எஸ்சிடாலோபிராம், அப்புறம் செர்ட்ராலின், தூக்கத்துக்காக மிர்டாசபின் சேத்தாங்க, இப்போ ஆறு மாசமா வென்லாஃபாக்ஸின். கவுன்சிலிங் பதினாலு தடவ போயிட்டு வந்தான். கடைய மூடி எட்டு மாசம் ஆச்சு. சுவத்த பாத்து படுத்திருக்கான், கூப்பிட்டா திரும்புறதுக்கே ஒரு நிமிஷம் ஆகுது.

அம்மா குணசீலம் கோயிலுக்கு கூட்டிட்டு போய் 48 நாள் கூடவே தங்கி இருந்தாங்க. அங்க இருந்த வரைக்கும் அமைதியா இருந்தான், சரியாயிட்டான்னு நெனச்சோம், வீட்டுக்கு வந்ததும் அதே சுவர்.

போன வாரம் டாக்டர் இது மாத்திரைக்கு கட்டுப்படாத டிப்ரஷன், தலையில கரண்டு வச்சு பண்ற ஈசிடி பண்ணலாம், இல்லன்னா கெட்டமின்ங்கற மருந்த டிரிப்ஸ்ல ஏத்தற இன்ஃப்யூஷன்னு ஒண்ணு இப்போ வந்திருக்கு அது சென்னையில பண்றாங்க, காந்தத்தால மூளைய தூண்டற டிஎம்எஸ்ஸும் இருக்கு, வீட்ல பேசிட்டு வாங்கன்னு சொல்லிட்டார். அம்மா ஈசிடின்னா என்னன்னு கேட்டாங்க, நான் சொன்னேன், அவ்ளோதான், "என் புள்ளைக்கு கரண்டு வைக்க நான் உயிரோட இருக்க வரைக்கும் விடமாட்டேன்"னு அழுதுட்டே படுத்துட்டாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. அப்பா இல்ல. முடிவு நான்தான் எடுக்கணும். இந்த மூணுல எதையாவது கிட்ட இருந்து பாத்தவங்க இருந்தா சொல்லுங்க.

சேலத்து_அக்கா | செவ்வாய், காலை 6:15

தங்கச்சி, உன் பதிவ படிச்சிட்டு அடுப்ப அணைச்சிட்டு வந்து டைப் பண்றேன். என் வீட்டுக்காரருக்கும் இதேதான், மூணு மாத்திரை கேக்கல, ரெசிஸ்டன்ட் டிப்ரஷன்னு ஃபைல்லயே எழுதிட்டாங்க. நாலாவதா பாத்த டாக்டரம்மா என்னை வெளிய உக்கார வச்சிட்டு அவர்கிட்ட தனியா அரை மணி நேரம் பேசினாங்க, அப்போதான் தெரிஞ்சது அவரு எந்த மாத்திரையையும் ஒழுங்கா போட்டதே இல்ல. ரெண்டு வாரம் போடுவாராம், மாத்திரையால தாம்பத்தியத்துல பிரச்சனை வந்ததும் பாதியா உடைச்சு போடுவாராம், அப்புறம் நிறுத்திடுவாராம். என்கிட்ட சொல்ல வெக்கம், டாக்டர்கிட்ட சொல்ல அதவிட வெக்கம். மாத்திரைய மாத்தி கொடுத்து, அதையே எட்டு வாரம் ஒழுங்கா போட்டதும் மனுஷன் எழுந்து உக்காந்துட்டார். அதனால முதல்ல அண்ணன் நெஜமாவே போட்டானான்னு தனியா, அம்மா இல்லாத நேரமா பாத்து கேளு. கோவப்படாம கேளு.

மனநலப்_பிஜி | செவ்வாய், மதியம் 2:05

நான் சைக்கியாட்ரி மேல்படிப்பு மூணாவது வருஷம், அரசு மருத்துவக் கல்லூரி. இங்க நான் சொல்றது பொதுவான விஷயம், உங்க அண்ணனோட டாக்டருக்கு பதில் இல்ல.

சேலத்து அக்கா சொன்னதுதான் முதல் படி. ரெண்டு வேற வேற மருந்த சரியான டோஸ்ல, ஆறுல இருந்து எட்டு வாரம் வரைக்கும் கொடுத்தும் கேக்கலன்னாதான் ரெசிஸ்டன்ட்னு சொல்றது வழக்கம். எங்க ஓபிக்கு அந்த பேரோட வர்றவங்கள்ல கொஞ்ச பேருக்கு டோஸே ஏறியிருக்காது. கொஞ்ச பேருக்கு தைராய்டு, பி12 குறைவு, ரத்த சோகை, சில பேருக்கு குடி. எல்லாத்தையும் விட முக்கியமா நான் பாக்கறது பைபோலாரான்னு. முன்னாடி எப்பவாவது நாலஞ்சு நாள் தூக்கமே இல்லாம ரொம்ப உற்சாகமா, கடன் வாங்கி பொருள் வாங்கி குவிச்சு, பேச்சு நிக்காம இருந்திருக்காரா? குடும்பத்துல யாருக்காவது? இருந்தா ட்ரீட்மென்ட் பாதையே வேற.

அப்புறம் "நாலு மாத்திரை கேக்கல"ங்கறதுல வெக்கப்படவோ அண்ணன குறை சொல்லவோ எதுவும் இல்ல. அமெரிக்காவுல ஸ்டார்-டீன்னு ஒரு பெரிய ஆய்வு 2006ல வந்தது, கிட்டத்தட்ட 4000 பேர், ஒண்ணு கேக்கலன்னா அடுத்ததுன்னு நாலு படி வரைக்கும் போனாங்க. முதல் மருந்துல மூணுல ஒருத்தருக்குத்தான் நோய் முழுசா அடங்குச்சு. ரெண்டாவதுலயும் ஏறக்குறைய அதே அளவு. மூணாவது நாலாவது படிக்கு வரும்போது நூறுல பதிமூணு பதினாலு பேருக்குத்தான். அதாவது அஞ்சாவதா ஆறாவதா இன்னொரு மாத்திரைன்னு மாத்திக்கிட்டே போறதுல பலன் குறைஞ்சிட்டே வருது, அதனாலதான் உங்க டாக்டர் வேற வகைக்கு போகலாம்னு சொல்றார். அவர் சொன்னது நியாயமான பேச்சு.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க, டிப்ரஷன் மாத்திரைக்கு பலம் கூட்ட லித்தியமோ அரிபிப்ராசோலோ கூட சேத்து பாத்தாங்களா?

காவிரிக்கரை | செவ்வாய், இரவு 10:20

அக்கா, சார், ரெண்டு பேருக்கும் நன்றி. மாத்திரை நான்தான் கையில எடுத்து கொடுத்து வாய திறந்து காட்ட சொல்வேன், அவன் போட்டான். தைராய்டு ரெண்டு தடவ பாத்தாச்சு நார்மல். தூக்கம் இல்லாம உற்சாகமா இருந்ததெல்லாம் இல்ல, அவன் எப்பவுமே அமைதி. அரிபிப்ராசோல் சேத்தாங்க, ஒரு மாசத்துல கால நிலையா வைக்க முடியாம நடந்துட்டே இருந்தான், நிறுத்திட்டாங்க. லித்தியம் கொடுக்கல.

கோவை_மழை | புதன், காலை 9:30

கெட்டமின் பத்தி நான் சொல்றேன், என் தங்கச்சிக்கு பண்ணோம். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கற அதே மருந்துதான், டோஸ் ரொம்ப கம்மி, கிலோவுக்கு அரை மில்லிகிராம் கணக்குல 40 நிமிஷம் டிரிப்ஸ்ல ஏத்துவாங்க, வாரத்துக்கு ரெண்டு வீதம் மூணு வாரம், மொத்தம் ஆறு. அந்த 40 நிமிஷம் அவளுக்கு கட்டிலுக்கு மேல மிதக்கற மாதிரி, தன் கைய யாரோ கை மாதிரி பாக்கற மாதிரி இருந்துச்சாம், பிபி ஏறுச்சு, பக்கத்துலயே மானிட்டர் வச்சு பாத்துக்கிட்டாங்க, ஒரு மணி நேரத்துல தெளிஞ்சிட்டா. ரெண்டாவது இன்ஃப்யூஷன் முடிஞ்ச மறுநாள் சாப்பிட உக்காந்தவ சாம்பார்ல உப்பு கம்மியா இருக்குன்னு சொன்னா. ஒரு வருஷமா என்ன போட்டாலும் பேசாம முழுங்கிட்டு இருந்தவ. எங்கம்மா கரண்டிய கீழ போட்டுட்டு அழுதாங்க.

ஆனா உண்மைய முழுசா சொல்லணும், ஆறும் முடிஞ்சு பன்னெண்டாவது நாள் திரும்ப இறங்க ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு நாலு மாசம் போனோம், கூடவே லித்தியம் ஆரம்பிச்சாங்க, இப்போ கெட்டமின் நிறுத்தி ஏழு மாசம், நல்லா இருக்கா, வேலைக்கு போறா. காசு கையில இருந்துதான் கட்டினோம், இன்சூரன்ஸ்ல கேட்டதுக்கு முதல்ல முடியாதுன்னுட்டாங்க, மனநலச் சட்டத்துல உடம்பு வியாதிக்கு என்ன கவரேஜோ அதே மனசு வியாதிக்கும் கொடுக்கணும்னு இருக்குன்னு எழுதி போட்டப்புறம் கொஞ்சம் வந்துச்சு.

வைகைக்கரை_பெரியவர் | புதன், மாலை 5:50

அம்மா காவிரி, உங்க அம்மாகிட்ட இத வாசிச்சு காட்டு. எனக்கு இப்போ 58 வயசு. 1988ல காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது எனக்கு முதல் தடவ வந்துச்சு, பேச்சு நின்னு போச்சு, சோறு தண்ணி இல்ல. எங்க அப்பா ஒரு ஆஸ்பத்திரியில சேத்தார், பேர் வேண்டாம். அங்க எனக்கு வச்சது நேரடி கரண்டு, மயக்க ஊசி எதுவும் கிடையாது. நாலு பேர் கைய கால பிடிச்சுக்குவாங்க, வாயில துணிய சுத்தின ரப்பர் ஒண்ணு. முன் பல்லு ஒண்ணு உடைஞ்சுது. எனக்கு ஷாக் நினைவில்ல, அதுக்கு முந்தின அரை மணி நேரம் வரிசையில உக்காந்திருந்தது இன்னைக்கும் கனவுல வருது, எனக்கு முன்னாடி இருந்தவன் கத்தினது கேக்கும். உங்க அம்மா பயப்படுறது அதத்தான். அது கற்பனை கிடையாது, அப்படித்தான் நடந்துச்சு நம்ம ஊர்ல.

33 வருஷம் கழிச்சு 2021ல திரும்ப வந்துச்சு, கொரோனாவுல என் வீட்டம்மா போனப்புறம். மூணு மருந்து கேக்கல. டாக்டர் ஈசிடின்னதும் எழுந்து வெளிய வந்துட்டேன். என் மகதான் பிடிச்சு உக்கார வச்சு, அந்த மயக்க டாக்டரையே கூட்டிட்டு வந்து பேச வச்சா. காலையில வெறும் வயித்தோட போனேன், கையில ஊசி போட்டாங்க, பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் எண்ணுங்கன்னாங்க, ஏழு வரைக்கும் எண்ணினது ஞாபகம். கண்ண முழிச்சா வேற கட்டில்ல மக பக்கத்துல நிக்கிறா. எப்போ பண்ணுவாங்கன்னு கேட்டேன், முடிஞ்சிருச்சுப்பான்னா. ஒன்பது தடவ. அஞ்சாவதுக்கு அப்புறம் நானா போய் ஷேவ் பண்ணிக்கிட்டேன்.

இழப்பு இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்த ரெண்டு மாசம் எனக்கு காணோம். என் பேத்தி பிறந்தநாள் போட்டோவுல நான் சிரிச்சிட்டு இருக்கேன், அங்க போனதே எனக்கு தெரியல. ஆனா அந்த பேத்திக்கு இப்போ நான் சைக்கிள் ஓட்ட கத்துக் கொடுக்கறேன்.

காவிரிக்கரை | புதன், இரவு 9:10

ஐயா அம்மாவுக்கு வாசிச்சு காட்டினேன். ஒண்ணும் சொல்லல. முழுசா கேட்டாங்க. அந்த பல்லு இப்போ எப்படி இருக்குன்னு கேக்க சொன்னாங்க.

வைகைக்கரை_பெரியவர் | புதன், இரவு 9:25

கட்டுப் பல்லு வச்சிருக்கேன்னு சொல்லும்மா. முறுக்கே கடிப்பேன்.

மனநலப்_பிஜி | வியாழன், காலை 7:40

ஐயா, இத எழுதினதுக்கு நான் உங்களுக்கு கடன்பட்டிருக்கேன். எங்க வார்டுல சொந்தக்காரங்ககிட்ட நாங்க பேசறத விட இது பெருசு.

ஐயாவுக்கு 1988ல நடந்தது இன்னைக்கு சட்டப்படி குற்றம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 95வது பிரிவு மயக்க மருந்தும் தசை தளர்வு மருந்தும் இல்லாம ஈசிடி கொடுக்கறத முழுசா தடை பண்ணியிருக்கு. தசை தளர்வு கொடுக்கறதால உடம்பு தூக்கி அடிக்காது. வலிப்பு மூளையில நடக்கும், அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம், அத மூளை அலைய காட்டற இஇஜி கோடுல பாத்துக்குவாங்க, வெளிய பாத்தா கால் விரல் துடிக்கறது மட்டும் தெரியும். வாரத்துக்கு ரெண்டோ மூணோ, மொத்தம் ஆறுல இருந்து பன்னெண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுகள்லயும் கீழ்ப்பாக்கம் மனநல காப்பகத்துலயும் பெங்களூர் நிம்ஹான்ஸ்லயும் இதுதான் நடைமுறை.

இப்போ ஈசிடியா கெட்டமினாங்கற கேள்வி. இது எங்க ஹாஸ்டல்லயே சண்டை நடக்கற விஷயம். 2023ல அமெரிக்காவுல ரெண்டையும் நேருக்கு நேர் வச்சு பாத்தாங்க, மூணு வார முடிவுல கெட்டமின்ல 55 சதவீதம் பேருக்கும் ஈசிடில 41 சதவீதம் பேருக்கும் நல்ல முன்னேற்றம். பேப்பர்ல எல்லாம் கெட்டமின் ஜெயிச்சிருச்சுன்னு போட்டாங்க. ஆனா அதுல மனப்பிரமை இருக்கறவங்கள சேக்கல, பெரும்பாலும் வீட்ல இருந்து வந்து போறவங்க. அதுக்கு முந்தின வருஷம் சுவீடன்ல ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகற அளவுக்கு முத்தினவங்க 186 பேர வச்சு பாத்ததுல ஈசிடில நூத்துக்கு 63 பேருக்கும் கெட்டமின்ல நூத்துக்கு 46 பேருக்கும் நோய் அடங்குச்சு. ரெண்டு ஆய்வும் ஒண்ணோட ஒண்ணு மோதுறதா எனக்கு தோணல. நடமாடிட்டு, சாப்பிட்டுட்டு, வேலைக்கு மட்டும் போக முடியாம இருக்கறவருக்கு கெட்டமின் முதல்ல பாக்கலாம். சாப்பாடு நின்னு, பேச்சு குறைஞ்சு, உடம்பே மெதுவாயிட்டவருக்கு, இல்ல இல்லாத குரல் கேக்கறவருக்கு, ஈசிடிய தள்ளிப் போடறது ஆபத்து. "திரும்புறதுக்கு ஒரு நிமிஷம் ஆகுது"ன்னு நீங்க முதல் பதிவுல எழுதினது எனக்கு உறுத்திட்டே இருக்கு. எடை குறைஞ்சிருக்கா? தண்ணி குடிக்கிறாரா?

ஸ்கார்பரோக்காரி | வியாழன், மாலை 6:00

தங்கச்சி, நான் கனடாவில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். எனக்கு ரெண்டு பிள்ளையும் பிறந்தாப்பிறகு தொடங்கினது, எட்டு வருசம். குளிசை எத்தினை மாத்தினவை எண்டே எனக்கு நினைவில்லை. கடைசியா டிஎம்எஸ் செய்தவை. மயக்கம் இல்லை, ஊசி இல்லை, கதிரையில இருந்தபடியே தலையின்ர இடப்பக்கம் முன்னுக்கு ஒரு காந்தச் சுருளை வைப்பினம், மரங்கொத்தி கொத்துற மாதிரி டக் டக் டக் எண்டு ஒரு சத்தம், நெத்தி சுண்டும். முந்தி ஒருக்கா இருந்தால் 37 நிமிசம், இப்ப மூண்டு நிமிசத்திலயே முடிக்கிற முறை இருக்கு, ரெண்டும் ஒரே பலன் எண்டு கண்டுபிடிச்ச ஆய்வில எங்கட ரொறொன்ரோ ஆஸ்பத்திரிகளும் இருந்தது, 2018இல வந்தது. நான் அந்த மூண்டு நிமிசம்தான் செய்தனான். கிழமைக்கு அஞ்சு நாள், ஆறு கிழமை, பனிக்குள்ள பஸ் ஏறிப் போய் வந்தனான், போக வர ரெண்டு மணித்தியாலம், சிகிச்சை மூண்டு நிமிசம்.

நாலாம் கிழமை வரைக்கும் ஒரு மாற்றமும் இல்லை, விட்டிடுவம் எண்டுதான் இருந்தன். அஞ்சாம் கிழமை சின்னவன் பள்ளிக்கூடத்தால வந்து சப்பாத்தைக் கழட்டி எறிஞ்சான், எனக்குக் கோவம் வந்தது. கோவம் வந்ததே எனக்குப் பெரிய சந்தோசம். மருந்து மாதிரி உடம்பு வைக்கேல்ல, நினைவு ஒண்டும் போகேல்ல. ஆனால் இது மெதுவான வேலை. உன்ர அண்ணா சாப்பிடாமல் இருந்தால் ஆறு கிழமை காத்திருக்க ஏலாது, அந்தப் பிள்ளை டொக்டர் கேட்ட கேள்விக்கு முதல்ல பதில் சொல்லு.

கொடைரோடு_90 | வியாழன், இரவு 11:15

இதெல்லாம் விட இப்போ சைலோசைபின்னு மேஜிக் மஷ்ரூம்ல இருந்து எடுக்கறது டிப்ரஷனுக்கு ஒரே தடவையில சரியாகுதுன்னு வெளிநாட்டுல கண்டுபிடிச்சிருக்காங்க, ஆஸ்திரேலியாவுல டாக்டரே எழுதி கொடுக்கறாங்க. நம்ம கொடைக்கானல்ல அதே காளான் கிடைக்குது. ஒரு தடவ முயற்சி பண்ணி பாக்கலாமே, எதுக்கு கரண்டு எல்லாம். தப்பா சொல்லல, உதவியாத்தான் சொல்றேன்.

மனநலப்_பிஜி | வெள்ளி, காலை 6:50

நல்ல எண்ணத்துல சொல்றீங்கன்னு புரியுது, ஆனா இத நான் தெளிவா மறுக்கணும். ஆய்வு நெஜம். 2022ல 233 பேர வச்சு பண்ணினாங்க, மாத்திரை கேக்காத டிப்ரஷன், ஒரே ஒரு டோஸ். பெரிய டோஸ், அதாவது 25 மில்லிகிராம் வாங்கினவங்கள்ல மூணு வாரத்துல 37 சதவீதம் பேர் தேறினாங்க, பேருக்கு 1 மில்லிகிராம் வாங்கினவங்கள்ல 18 சதவீதம். பன்னெண்டு வாரத்துல அந்த 37 வெறும் 20 ஆயிடுச்சு. ஒரே தடவையில சரியாகுதுன்னு இத சொல்ல முடியாது. ஆஸ்திரேலியா 2023 ஜூலைல இருந்து அனுமதிச்சது, அதுவும் தனி அனுமதி வாங்கின சைக்கியாட்ரிஸ்ட் மட்டும், ஆள் பக்கத்துலயே மணிக்கணக்கா உக்காந்திருப்பாங்க.

மலையில பறிக்கிற காளான்ல எவ்ளோ மருந்து இருக்குன்னு யாருக்கும் தெரியாது, பாக்க அதே மாதிரி இருக்கற விஷக் காளான் இருக்கு, நம்ம நாட்டுல இது போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வருது. கொடைக்கானல் போய் சாப்பிட்டுட்டு மூணு நாள் கழிச்சும் பயம் தெளியாம எங்க வார்டுக்கு வந்த பையன நான் பாத்திருக்கேன். பேசவே முடியாம படுத்திருக்கற ஒருத்தருக்கு இத கொடுக்காதீங்க.

கெட்டமினுக்கும் இதே எச்சரிக்கை. மேத்யூ பெர்ரின்னு அந்த அமெரிக்க நடிகர் 2023 அக்டோபர்ல இறந்தது கெட்டமினாலதான், ஆனா அவர் ரத்தத்துல இருந்தது டாக்டர் கண்காணிப்புல ஏத்தினது கிடையாது, வெளிய வாங்கி போட்டது. மானிட்டர் இருக்கற இடத்துல, மயக்க டாக்டர் இருக்கற இடத்துல மட்டும் பண்ணுங்க. அளவு மீறி ரொம்ப நாள் போனா மூத்திரப்பைய அரிக்கும்.

காவிரிக்கரை | வெள்ளி, மதியம் 1:30

சார் நீங்க கேட்டதுக்கு நேத்தே பதில் சொல்ல நெனச்சேன், கை வரல. 74 கிலோ இருந்தான், இன்னைக்கு நிறுத்தி பாத்தேன் 58. ரெண்டு நாளா தண்ணி வாயில வச்சா அப்படியே வழிய விடுறான். காலையில என்னடா பண்ணுதுன்னு கேட்டேன், "என் குடல் அழுகிப் போச்சு, எனக்கு எதுக்கு தண்ணி"ன்னு சொன்னான். அத சாதாரணமா சொன்னான், காய் என்ன விலைன்னு சொல்ற மாதிரி.

மனநலப்_பிஜி | வெள்ளி, மதியம் 1:38

தங்கச்சி, இத படிச்சதும் போன் எடுங்க. அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காதீங்க, இன்னைக்கே, இப்பவே அட்மிட் பண்ணுங்க. உங்க டாக்டர் கிடைக்கலன்னா மெடிக்கல் காலேஜ் கேஷுவால்டிக்கு நேரா போங்க, 108 கூப்பிடுங்க. "தண்ணி குடிக்கல, குடல் அழுகிப் போச்சுன்னு சொல்றார்"னு இதே வார்த்தைய அங்க சொல்லுங்க. ரத்தத்துல உப்பு, கிட்னி பாப்பாங்க. இந்த நிலைமையில கெட்டமினா ஈசிடியாங்கற கேள்வியே கிடையாது, இதுக்கு ஈசிடிதான் வேகமா வேலை செய்யும்.

நெறியாளர் | வெள்ளி, மதியம் 2:00

இழைய படிக்கிற எல்லாருக்கும்: வீட்ல இதே நிலைமையில யாராவது இருந்தா, இல்ல நீங்களே வாழ வேண்டாம்னு நெனச்சிட்டு இருந்தா, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். தமிழ்நாட்டுல 104ம் இருக்கு. காளான் பத்தின மேற்கொண்டு பதிவுகள நீக்கிடுவேன்.

காவிரிக்கரை | சனி, இரவு 8:45

அட்மிட் பண்ணிட்டோம். டிரிப்ஸ் போகுது. சோடியம் ஏறியிருக்காம், ரெண்டு நாள்ல சரி பண்ணிட்டு திங்கக்கிழமை முதல் ஈசிடின்னு சொல்றாங்க. ஒரு கேள்வி. சம்மதம் கேக்கும்போது அவன் "என்னமோ பண்ணுங்க"ன்னு மட்டும் சொன்னான். அது சம்மதமா? நாளைக்கு அவன் தெளிஞ்சப்புறம் என் மேல கோவப்படுவானா? அது எனக்கு உறுத்துது.

மனநலப்_பிஜி | சனி, இரவு 9:30

உறுத்தணும், அது நல்லது. சட்டப்படி அவரால புரிஞ்சுக்கிட்டு முடிவெடுக்க முடியுதான்னு டாக்டர் முதல்ல பாக்கணும், முடியலன்னா அவரோட பிரதிநிதியா நீங்க கையெழுத்து போடலாம், ஆனா அது ஒரே தடவையோட முடியற விஷயம் இல்ல, அவர் தெளியத் தெளிய திரும்ப திரும்ப கேக்கணும், அவரே வேண்டாம்னு சொல்ற நிலைக்கு வந்தா நிறுத்தற உரிமை அவருக்கு உண்டு. நீங்க செய்யக்கூடியது ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் ராத்திரி அவர் பக்கத்துல உக்காந்து நாளைக்கு என்ன நடக்கும்னு சொல்லுங்க. பதில் வரலன்னாலும் சொல்லுங்க.

வைகைக்கரை_பெரியவர் | ஞாயிறு, காலை 5:30

அதோட ஒரு நோட்டு வாங்கி வச்சுக்கோம்மா. தினமும் யார் வந்தாங்க, என்ன சாப்பிட்டான், என்ன பேசினான்னு தேதி போட்டு எழுது. என் மக எழுதி வச்சா. மறந்து போன நாள எல்லாம் நான் அதுலதான் படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். அவனுக்கு அது தேவைப்படும்.

காவிரிக்கரை | இரண்டு வாரம் கழிச்சு, வியாழன், இரவு 10:50

அஞ்சு முடிஞ்சிருக்கு. முதல் ரெண்டுக்கும் ஒண்ணும் தெரியல, எழுந்து ஒரு மணி நேரம் நான் யாருன்னே குழம்பினான், எனக்கு கையெல்லாம் நடுங்குச்சு. மூணாவது முடிஞ்ச அன்னைக்கு சாயந்திரம் அம்மா கொடுத்த இட்லி ரெண்டு சாப்பிட்டான். நாலாவதுக்கு அப்புறம் பக்கத்து கட்டில் தாத்தாவோட பட்டன் போன் சார்ஜ் ஏறலன்னு அவங்க வீட்டுக்காரங்க பேசிட்டு இருந்தாங்க. இவன் கைய நீட்டினான். கொடுத்தாங்க. பின்ன திருப்பி பாத்துட்டு என் ஹேர்பின்ன வாங்கி உள்ள இருந்த தூசிய எடுத்தான், ஏறுச்சு. அம்மா வெளிய வராண்டாவுல போய் நின்னுட்டாங்க.

நோட்டுல அத எழுதி வச்சேன் ஐயா, தேதி, நேரம், போன் மாடல் எல்லாம்.

குடல் பேச்சு இப்போ இல்ல. கேட்டா நான் அப்படியா சொன்னேன்னு கேக்கறான்.

கோவை_மழை | வெள்ளி, காலை 8:10

படிச்சிட்டு பஸ்ல அழுதுட்டேன். தங்கச்சிக்கும் காட்டினேன்.

ஸ்கார்பரோக்காரி | வெள்ளி, மாலை 7:20

எனக்கும் கண் கலங்கிப்போச்சு. அம்மாவைச் சாப்பிடச் சொல்லு. நீயும் சாப்பிடு.

சேலத்து_அக்கா | வெள்ளி, இரவு 9:00

முடிஞ்சதும் அப்படியே விட்டுடாதீங்க தங்கச்சி, மேல என்னன்னு டாக்டர்கிட்ட கேட்டியா?

மனநலப்_பிஜி | வெள்ளி, இரவு 11:45

அக்கா சரியான இடத்துல கேட்டிருக்காங்க. ஈசிடியில பெரிய ஓட்டை இங்கதான். 2001ல வந்த ஒரு ஆய்வுல, ஈசிடியால தேறினவங்களுக்கு அப்புறம் வெறும் சர்க்கரை மாத்திரை மட்டும் கொடுத்த குழுவுல ஆறு மாசத்துக்குள்ள 84 சதவீதம் பேருக்கு திரும்ப வந்துருச்சு. நார்ட்ரிப்டிலின்ங்கற டிப்ரஷன் மாத்திரையும் லித்தியமும் சேத்து கொடுத்த குழுவுல அது 39. அதனால ஈசிடி எழுப்பி விடும், பிடிச்சு வைக்கிறதுக்கு மருந்து வேணும், இல்லன்னா இடைவெளி விட்டு விட்டு ஈசிடியே தொடரணும். லித்தியம் இதுவரைக்கும் கொடுக்கலன்னு சொன்னீங்க, அத பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

டிஎம்எஸ்ல ஒரு புது விஷயமும் வந்திருக்கு, ஒரு நாளைக்கு பத்து செஷன் வீதம் அஞ்சு நாள்ல அம்பதும் முடிச்சிடற ஸ்டான்ஃபோர்டு முறை, அமெரிக்காவுல 2022ல அனுமதி கிடைச்சது. நிஜ சிகிச்சை எடுத்தவங்கள்ல 79 சதவீதம் பேருக்கு நோய் அடங்கினதா வந்தது, ஆனா அந்த ஆய்வுல மொத்தமே 29 பேர்தான், ஆள் கூடினா அந்த எண்ணு நிக்குமான்னு பாக்கணும். மூளைக்குள்ள கம்பி வச்சு தூண்டறதும் இப்படித்தான், 2005ல டொரன்டோவுல ஆறு பேர்ல நாலு பேர் தேறினாங்கன்னதும் எல்லாரும் கொண்டாடினோம், பின்னாடி 90 பேர வச்சு பாத்தப்போ ஆறு மாசத்துல ஆன் பண்ணினவங்களுக்கும் பண்ணாதவங்களுக்கும் வித்தியாசம் தெரியல. ஆசை காட்டிட்டு ஏமாத்தற முதல் முடிவுகள் இந்த துறையில நிறைய இருக்கு, அதனாலதான் சின்ன ஆய்வுன்னா நான் மூச்ச பிடிச்சுக்கறேன்.

காவிரிக்கரை | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, மாலை 4:15

எட்டோட நிறுத்திட்டாங்க, வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆச்சு. 63 கிலோ. வென்லாஃபாக்ஸின் நிறுத்திட்டு நார்ட்ரிப்டிலினும் லித்தியமும் ஆரம்பிச்சிருக்காங்க. நினைவு கொஞ்சம் போயிருக்கு, அக்கா பொண்ணு காது குத்து ஞாபகம் இல்ல, கடை வாடகைக்காரர் பேர் மறந்துட்டான், ஏடிஎம் பின் நம்பர் மறந்துட்டான். நோட்ட கொடுத்தேன், ஒரு மத்தியானம் முழுக்க படிச்சான். படிச்சிட்டு "நீ எனக்கு தினமும் முந்தின நாள் ராத்திரி சொன்னியா"ன்னு கேட்டான். ஆமாம்னேன். "கேட்டுச்சு, ஆனா பதில் சொல்ற அளவுக்கு நான் மேல வர முடியல"ன்னான்.

கடை இன்னும் திறக்கல. காலையில ஒரு மணி நேரம் போய் தூசி தட்டிட்டு வர்றான், அவ்ளோதான்.

இப்போ என் சந்தேகம் லித்தியம் பத்தி, வெயில் காலம் வருது, திருச்சி வெயில் தெரியும்ல, இந்த மாத்திரைக்கு ஏதாவது பாத்துக்கணுமா? டாக்டர் சொன்னார் ஆனா பாதி மனசுல ஏறல.

கோவை_மழை | ஞாயிறு, மாலை 6:40

நாங்க ஒரு வருஷமா பாக்கறோம் சொல்றேன். தண்ணி நல்லா குடிக்கணும், சாப்பாட்டுல உப்ப திடீர்னு குறைக்கக் கூடாது, டயட்டுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. தலைவலி உடம்பு வலின்னு மெடிக்கல் ஷாப்ல டைக்ளோஃபெனாக், ஐப்ரூஃபன் வாங்கி போடவே கூடாது, ரத்தத்துல லித்தியம் ஏறிடும், பாராசிட்டமால் மட்டும். வாந்தி பேதி வந்தாலோ, கை நடுக்கம் அதிகமாகி நடை தள்ளாடினாலோ அடுத்த டோஸ் போடாம உடனே டாக்டருக்கு போன். ரத்தம் எடுக்கும்போது கடைசி மாத்திரைக்கு அப்புறம் பன்னெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்கணும், அதனால காலை மாத்திரைய போடாம லேப்புக்கு போகணும், எடுத்துட்டு போடணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கிட்னி, தைராய்டு. ஃப்ரிட்ஜ்ல ஒரு சீட்டு எழுதி ஒட்டி வச்சுக்கோங்க, எங்க வீட்ல அப்படித்தான்.

காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 7:05

எழுதி ஒட்டிட்டேங்க. அண்ணன் வந்து படிச்சிட்டு, ஐப்ரூஃபன்ல எழுத்துப் பிழை இருக்குன்னு பேனா எடுத்து திருத்திட்டு போறான்.